எலிக்குக் குணமான ஸ்ட்ரோக் மனிதருக்கு ஏன் இன்னும் குணமாகவில்லை?

2025-இல் ஸ்ட்ரோக் பற்றி இரண்டு செய்திகள் பரவின. மார்ச் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரோக் வந்த எலிகளுக்கு டி.டி.எல்-920 என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாள்கணக்கில் பயிற்சி கொடுத்தால் கை கால் எவ்வளவு தேறுமோ, அந்த அளவுத் தேர்ச்சி மருந்தாலேயே வந்தது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது இன்னும் பெரிய செய்தி. மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இளம் நரம்புச் செல்களை எலியின் மூளையில் வைத்தார்கள். அவை அங்கேயே வேர்பிடித்து, எலியின் நடையும் சீரானது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட செய்திகள் கைமாறும்போது முதலில் உதிர்வது ‘எலி’ என்ற சொல்தான். மிஞ்சுவது “ஸ்ட்ரோக்குக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற ஒரு வரி. ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் படுத்திருக்கும் வீட்டில் அந்த வரி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் நல்ல ஆய்வுகளே. ஆனால் எலிக்கு ஸ்ட்ரோக் குணமாவது புதிதல்ல. ஐம்பது ஆண்டுகளாகக் குணமாகிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மருந்துகள் மனிதரிடம் வந்ததும் ஏன் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன என்பதுதான் கேள்வி. அதற்கு, செல் எப்படிச் சாகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

மூளைச் செல்லுக்குக் கையிருப்பு கிடையாது

மனித மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஈரலும் தசையும் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளையிடம் அப்படி இருப்பது சொற்பம். நிமிடத்துக்கு நிமிடம் ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் அதன் பிழைப்பு ஓடும்.

மூளையில் இருப்பது நியூரான் என்ற நரம்புச் செல் மட்டுமல்ல. மனிதனுக்குச் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அவற்றுக்கு ஊட்டம் கொடுத்துக் கழிவை அகற்றும் ஆஸ்ட்ரோசைட், கம்பிக்கு உறை போடுவதுபோல நரம்பிழைகளுக்கு உறையிடும் செல்கள், காவலும் துப்புரவும் பார்க்கும் மைக்ரோக்ளியா என்று துணைச்செல்கள் பல வகை. எது முதலில் சாகிறது, எது சாகவைக்கிறது என்பதெல்லாம் இவற்றுக்கிடையே நடக்கும் விவகாரம்.

ஸ்ட்ரோக் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. உலகெங்கும் அடைப்பு வகையே அதிகம். ஆனால் ஆப்பிரிக்காவில் கசிவு வகையின் பங்கு ஐரோப்பாவைவிடக் கூடுதல். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இதற்கு முக்கியக் காரணம்.

குழாய் அடைத்தவுடன் செல்லுக்குள் நடப்பது இது:

1. சில நிமிடங்களில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோகிறது. செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்பு நின்றுவிடுகிறது. உப்பும் நீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது.

2. நிலைகுலைந்த நியூரான்கள் தங்களிடமுள்ள குளூட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. குளூட்டமேட் சாதாரண நாளில் நியூரான்கள் ஒன்றோடொன்று பேச உதவும் வேதிப்பொருள். அதை உடனுக்குடன் உறிஞ்சித் துடைப்பது ஆஸ்ட்ரோசைட்டின் வேலை. அதற்கும் இப்போது சக்தி இல்லை.

3. தேங்கிய குளூட்டமேட், என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற வாசலைத் திறந்தே வைக்கிறது. அதன் வழியே கால்சியம் வெள்ளமாக உள்ளே வருகிறது. கால்சியம் மிகுந்தால், செல்லின் சொந்த நொதிகளே அதன் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் அரித்துத் தின்னத் தொடங்கும். அளவு மீறிய தூண்டலே நஞ்சாகும் இந்த நிலைக்கு 1969-இல் பெயர் கொடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி.

4. அடுத்த மணிகளிலும் நாள்களிலும் அழற்சி. மைக்ரோக்ளியா விழித்தெழுகிறது, ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. குப்பையை அள்ளுவது நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில் பிழைக்கக்கூடிய செல்லும் அடிபடுகிறது.

ஒவ்வொரு படியிலும் மருந்து ஒரு தடை போடலாம் என்று தோன்றுகிறதல்லவா? ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

செத்த இடமும், சாவுக்குக் காத்திருக்கும் இடமும்

நலமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓடுகிறது. இது ஏறக்குறைய 20-க்குக் கீழே இறங்கினால் நியூரான் மின்சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் சாகாது. 10-க்கும் கீழே போனால்தான் பம்பு நின்று, சாவு தொடங்கும். இந்த இரண்டு எல்லைக்கோடுகளும் வேறுவேறு என்பதை 1970-களில் லிண்ட்சே சைமன், யென்ஸ் அஸ்ட்ரப் முதலானோர் பபூன் குரங்குகளில் கண்டார்கள். கேப் டவுன் மலையடிவாரங்களில் சமையலறைக்குள் புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் குடும்பத்துக் குரங்குதான்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே சிக்கிய பகுதிக்குப் புறநிழல் என்று பெயர். பக்கத்துக் கிளைக் குழாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் கிடக்கும் செல்கள் அவை. நோயாளியின் கை அசையாததற்கு ஒரு காரணம் செத்த செல், இன்னொரு காரணம் இந்தப் பேசாத செல். ரத்தம் திரும்பி வந்தால் இவை எழுந்துகொள்ளும், வராவிட்டால் மையத்திலிருந்து சாவு விளிம்பை நோக்கி விரியும்.

எவ்வளவு வேகத்தில்? 2006-இல் ஜெஃப்ரி சேவர் போட்ட கணக்கு பல மருத்துவமனைச் சுவரொட்டிகளில் இருக்கிறது: பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள். இது எண்ணிப் பார்த்த கணக்கல்ல, சராசரி நோயாளிக்குப் போட்ட மதிப்பீடு. கிளைக் குழாய்கள் நன்றாக அமைந்தவருக்குப் புறநிழல் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அது அமையாதவருக்கு ஒரு மணி நேரத்திலேயே முடிந்துபோகும். நீங்கள் எந்த வகை என்பது முன்கூட்டியே தெரிய வழியில்லை.

இன்று மனிதரிடம் பலிப்பது நிரூபணமான அவசர சிகிச்சைகளில் முக்கியமானவை இந்த ஒரே புரிதலில் நிற்பவை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசி, 1995-இல் 3 மணி நேரத்துக்குள் என்றும் 2008-இல் நாலரை மணி நேரத்துக்குள் என்றும் உறுதியானது. தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியே கம்பி செலுத்தி மூளையிலுள்ள ரத்தக்கட்டியைப் பிடித்திழுக்கும் முறை 2015-இல் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஆய்வுகளில் வென்றது. புறநிழல் இன்னும் மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் தெரிந்தது. கவனித்தால், இவற்றில் ஒன்றும் செல்லைத் தொடவில்லை. குழாயைத் திறந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

1,026 மருந்துகள்

செல்லைத் தொடும் மருந்துகள் என்ன ஆயின? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு கணக்கெடுத்தார்கள். அதுவரை ஸ்ட்ரோக்குக்குச் சோதித்துப் பார்க்கப்பட்டவை 1,026. மனிதர் வரை வந்தவை 114. குளூட்டமேட் வாசலை மூடுபவை, கால்சியத்தைத் தடுப்பவை, நச்சு ஆக்சிஜனை அடக்குபவை என்று மேலே சொன்ன ஒவ்வொரு படிக்கும் டஜன் கணக்கில் மருந்துகள் இருந்தன. எலியைக் காப்பாற்றிய செல் காப்பு மருந்துகளில் ஒன்றுகூட மனிதரிடம் உறுதியாக வெல்லவில்லை.

இவற்றில் என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முந்தைய தோல்விகளைப் பார்த்து, 1999-இல் நிபுணர்கள் கூடி எலிச்சோதனைக்கு விதிகள் வகுத்திருந்தார்கள். அந்த விதிகளை ஏறக்குறைய நிறைவேற்றிய மருந்து என்று பெயரெடுத்தது இது. எலியில் வென்றது, குரங்கிலும் வென்றது. 2006-இல் மனிதரிடம் முதல் பெரிய ஆய்விலும் சிறு வெற்றி. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் ஆய்வில் வெறும் உப்புநீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

பிறகு பழைய எலிச்சோதனைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் நீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, அளப்பவருக்குத் தெரியாமல் மறைத்த சோதனைகளில் பலன் குறைவாக இருந்தது. மறைக்காதவற்றில் பலன் பெரிதாக இருந்தது. ரத்த அழுத்தம் உள்ள எலிகளிடமும் மருந்து சுணங்கியது. என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய பாடம் இதுதான். எலி ஏமாற்றவில்லை, எலியை வைத்து மனிதர்கள் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள்.

எலியும் ஆயாவும்

ஆய்வகத்தில் எலிக்கு ஸ்ட்ரோக் வரவழைக்கும் வழக்கமான முறை இப்படி: மயக்க மருந்து கொடுத்து, கழுத்திலுள்ள ரத்தக்குழாயில் சிறு துளையிட்டு, முனை உருட்டிய மெல்லிய நைலான் நூலை மேலே செலுத்துவார்கள். நடுப் பெருமூளைத் தமனி பிரியும் வாயை அது அடைத்துக்கொள்ளும். கடிகாரம் பார்த்து ஒரு மணி நேரம் கழித்து நூலை உருவுவார்கள். ரத்தம் குபுக்கென்று திரும்பிவிடும். எலியின் வயது பெரும்பாலும் மூன்று மாதம், எடை சுமார் 25 கிராம். ஆண் எலி, ஒரே வம்சம், நோய்நொடி இல்லை.

இப்போது சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, வயது 68. இருபது வருஷமாகச் சுகர், அதற்கு முன்னாலிருந்தே பிரஷர். இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலை ஐந்து மணிக்கு எழும்போது வாய் கோணியிருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை. கட்டி எப்போது அடைத்தது? இரவு பதினொன்றுக்கா, காலை நாலே முக்காலுக்கா? யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது ‘கடைசியாக நலமாகப் பார்த்த நேரம்’. அதாவது இரவு பத்து.

வித்தியாசங்கள் நான்கு, ஆனால் நான்கும் ஒரே கனமானவை அல்ல:

1. நேரம். எலிக்கு அடைப்பு வந்த நிமிடம் தெரியும். மருந்து பத்து நிமிடத்தில் போய்விடும், சில சோதனைகளில் அடைப்புக்கு முன்பே போய்விடும். மனிதருக்கு மருந்து சேரும்போது புறநிழலில் பெரும்பங்கு முடிந்திருக்கலாம்.

2. குழாய். நூலை உருவியதும் எலியின் குழாய் திறந்துவிடும், மருந்தும் ரத்தத்தோடு போய்ச் சேரும். ஆயாவின் கட்டி அங்கேயே இருக்கிறது. அடைத்த குழாயைத் தாண்டி மருந்து எப்படிப் போகும்? 1990-களின் ஆய்வுகளில் பெரும்பாலான நோயாளிகளுக்குக் குழாய் திறக்கவேயில்லை. இதுதான் நான்கில் தலையாயது என்று நினைக்கிறேன். அதனால்தான் கட்டியை இழுத்தெடுக்கும் முறை வந்த பிறகு பழைய செல் காப்பு மருந்துகளுக்கு மறுபடி மவுசு. ஆனாலும் எளிதாக இல்லை. குரங்குகளிடம் பலித்த நெரினடைடு என்ற மருந்தைக் கட்டி எடுக்கும்போதே 1,105 பேரிடம் சோதித்து, 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் பலனில்லை, கட்டி கரைக்கும் ஊசி போட்டவர்களிடம் அந்த ஊசியே இந்த மருந்தைச் சிதைத்துவிட்டது.

3. உடல். வயது, சர்க்கரை, அழுத்தம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள்.

4. மூளையின் அமைப்பு. எலிக்கு 0.4 கிராம் மூளை, 7 கோடி நியூரான். மேற்பரப்பு மடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கும். மனித மூளையில் நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி ஏறக்குறையப் பாதி, எலியில் அது மிகச் சிறு பங்கு. எலியின் நியூரானைக் காப்பாற்றும் மருந்து மனிதனின் நீண்ட இழைகளைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இப்போது இதற்கு ஒரு மாற்று முறை வந்திருக்கிறது. ஆறு ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் ஒரே மருந்தை வயதான எலி, கொழுத்த எலி, ரத்த அழுத்தமுள்ள எலி என்று எல்லாவற்றிலும், அளப்பவருக்குத் தெரியாமல் மறைத்துச் சோதிக்கின்றன. ஆறு சிகிச்சைகளை உள்ளே விட்டதில், 2023-இல் கடைசிவரை தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான்.

மூச்சில்லாமல் 18 நிமிடம்

எலியை விட்டுவிட்டு வேறு பாலூட்டியைப் பார்த்தால் என்ன? இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான ஒரு பங்கு இருக்கிறது.

துன்னெலி நமக்குப் புதிதல்ல. குவாசூலு-நேட்டாலில் புல்வெளியில் மண்ணைக் கும்பல் கும்பலாகத் தள்ளி வைக்கும் பிராணிகளில் அதன் உறவுக்காரர்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் ஒரு வகைக்கு மயிரே கிடையாது. சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல், வாய்க்கு வெளியே நீட்டிய பல், எலிக்கு இரண்டு மூன்று ஆண்டு என்றால் இதற்கு முப்பதாண்டுக்கும் மேல் ஆயுள். தேனீக்களைப்போல ஒரே ஒரு ராணி மட்டும் குட்டிபோடும் கூட்டமாக இவை வாழ்கின்றன என்பதை 1981-இல் உலகுக்குச் சொன்னவர் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் ஜார்விஸ்.

காற்றோட்டமில்லாத வளையில் நெருக்கியடித்துப் படுப்பதால் இவற்றுக்கு ஆக்சிஜன் பஞ்சம் பழக்கம். 2017-இல், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தினரும் பங்கேற்ற ஆய்வில், ஆக்சிஜனே இல்லாத அறையில் இவை 18 நிமிடம் கிடந்துவிட்டு, காற்று வந்ததும் எழுந்து நடந்தன. சாதாரண எலி ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

அதன் மூளை இரண்டு வித்தைகள் செய்கிறது. ஒன்று, குளுக்கோஸுக்குப் பதில் ஃப்ரக்டோஸை எரிக்கிறது. அந்தப் பாதைக்கு ஆக்சிஜன் வேண்டாம். மற்றொன்று, கால்சியத்தை உள்ளே விடும் அந்த என்.எம்.டி.ஏ. வாசல், பச்சிளங்குட்டிகளிடம் இருக்கும் வடிவத்திலேயே இவற்றுக்கு வளர்ந்த பிறகும் பெருமளவு தங்கிவிடுகிறது. அந்த வடிவம் ஆக்சிஜன் குறைந்தால் கால்சியத்தை உள்ளே விடாமல் அடக்கிக்கொள்ளும். எந்தப் பாலூட்டியானாலும் பிறந்த புதிதில் மூச்சுத்திணறலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழச்சாறு குடித்தால் மூளை காக்கும் என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நம் மூளைக்கு அந்தப் பாதையை அவசரத்துக்குத் திறக்கும் வசதி இல்லை. 1860-லிருந்து நம் முன்னோர் இங்கே வெட்டிய கரும்பின் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ்தான். அது நமக்குக் கொடுத்தது வேறு. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் தென்னாப்பிரிக்க இந்தியர்களில் வயது வந்தோரிடையே நீரிழிவு 13 சதவீதம்.

மெல்லச் சாகும் செல்கள்

ஸ்ட்ரோக்கையும் அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களையும் செய்திகள் ஒரே மூட்டையில் கட்டுகின்றன. ஓரளவு நியாயம் உண்டு. குளூட்டமேட், மைக்ரோக்ளியா, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்று பாத்திரங்கள் அதே பாத்திரங்கள்தாம். ஸ்ட்ரோக்கில் தோற்ற என்.எம்.டி.ஏ. தடுப்பு என்ற எண்ணமே, மெமன்டின் என்ற பெயரில் அல்சைமருக்குச் சிறு பலன் தரும் மருந்தாக வந்தது. நேரம் மட்டும் வேறு: அங்கே நிமிடக் கணக்கு, இங்கே பத்து இருபது ஆண்டுக் கணக்கு.

அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் செல்லுக்கு வெளியே படிகிறது, டௌ என்ற புரதம் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. எலிக்கு இந்த நோய் தானாக வருவதில்லை. மனித மரபணுவை நுழைத்து வரவழைக்கிறார்கள். அமிலாய்டைத் துடைத்து எலியைக் குணப்படுத்துவது ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. மனிதருக்கு 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப், 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் தணித்தது. நிறுத்தவில்லை, திருப்பவில்லை, சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன.

குளிர்கால உறக்கம் கொள்ளும் ஐரோப்பிய நில அணில் இங்கே ஒரு வியப்பு. உறக்கத்தில் அதன் மூளையிலும் டௌ அல்சைமரில் காண்பதுபோல மாற்றமடைகிறது. விழித்ததும் அது பழையபடி ஆகிவிடுகிறது. இது 2003-இல் வெளியானது.

அந்த இரண்டு செய்திகள்

சூரிக் ஆய்வில் ஒரு நல்ல அம்சம் உண்டு. செல்களை வைத்தது ஸ்ட்ரோக் வந்து ஒரு வாரம் கழித்து. அதாவது நேரம் என்ற முதல் வித்தியாசம் இங்கே ஓரளவு அடிபடுகிறது. ஆனால் அந்நியச் செல்லை உடல் தள்ளிவிடாதபடி எதிர்ப்பாற்றல் நீக்கிய எலிகள் அவை. ஐந்து வாரம்தான் பார்த்தார்கள். மனிதருக்கு அந்தச் செல்கள் கட்டுமீறி வளராமல் காக்க ஒரு பூட்டு வேண்டும். அதே குழு அதற்கும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மருந்து வேறு வகை: செத்ததை மீட்பதில்லை. தூரத்தில் தொடர்பறுந்து நிற்கும் செல்களை மறுபடி ஒரே தாளத்தில் துடிக்க வைக்கிறது.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் மூன்றைக் கேட்கலாம். எந்த விலங்கு, என்ன வயது? ஸ்ட்ரோக் வந்து எவ்வளவு நேரம் கழித்து மருந்து? அளந்தவருக்கு எது மருந்து வாங்கிய விலங்கு என்று தெரியுமா? மூன்றுக்கும் செய்தியில் பதிலில்லையென்றால், அந்தச் செய்தியை நம்பி வீட்டில் ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். பயிற்சி சிகிச்சையை நிறுத்துவது அந்த முடிவுகளில் மிக மோசமானது.

டர்பனில் இதற்கு என்ன பொருள்

கட்டி கரைக்கும் ஊசி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. கட்டியை இழுத்தெடுக்கும் வசதி அதைவிட அரிது. அடைப்பா கசிவா என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். எனவே ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போவதே முதல் வேலை. அவசர ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலே போதும்; சில நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போகத்தான் வேண்டும், அது வரப்போகும் பெரியதுக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் இரண்டு காரியங்கள் கெடுதலானவை. ஒன்று, டிஸ்பிரின் கரைத்துக் கொடுப்பது. கசிவு வகையாக இருந்தால் அது கசிவைக் கூட்டும். மற்றொன்று, சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது. சர்க்கரை இறங்கினால் ஸ்ட்ரோக்போலத் தெரியும் என்பது உண்மை. ஆனால் விழுங்கும் தசை செயலிழந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் சுகர் பார்க்கும் கருவி இருந்தால் பார்த்து, எண்ணை ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்வது போதும்.

வருமுன் செய்வதில் எலியின் உதவி தேவையில்லை. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஸ்ட்ரோக்குக்கான ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதம், மாற்றக்கூடிய பத்துக் காரணங்களில் அடங்கியது. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. இந்த நாட்டு அரசு ரொட்டி, பொரிப்பு, சூப் தூள் போன்றவற்றில் உப்புக்குச் சட்டப்படி உச்சவரம்பு போட்டது 2016-இல். ரொட்டியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்றிருந்ததை 2019-இல் 380 ஆக்கினார்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவின் ரொட்டி அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. உள்ளே ஊற்றும் குழம்புக்கும் பக்கத்தில் வைக்கும் ஊறுகாய்க்கும் வீட்டிலும் கடையிலும் கை அளவுதான் சட்டம்.

ஆயாவின் மாத்திரைப் பட்டியலை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்; ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை அதில் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்று அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதையும், கடைசியாக நலமாகப் பார்த்த நேரத்தையும்தான்.